சுவருக்கு அந்தாண்ட புத்து, இந்தாண்ட பியானோ

ஐம்பதைத் தாண்டினவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். சின்னதுங்ககிட்ட சொன்னா, மருந்தடிக்கிற ஆளுக்கு ஒரு போன் போட வேண்டியதுதானேன்னு கேட்டுட்டு எழுந்து போய்டுதுங்க. போன் இல்லாத காலமும், ரோடே இல்லாமப் போன ஒரு மழைக்காலமும் நமக்குத்தான் தெரியும். இட ஒதுக்கீடு கேட்டு நம்ம பக்கம் மரத்தை வெட்டி ரோட்டுல போட்டாங்களே, அந்த வருஷம். நீங்க எந்த ஊர்ல மாட்டிக்கினு இருந்தீங்களோ, நான் கல்வராயன் மலை அடிவாரத்துல பொம்பளப்புள்ளைங்க விடுதி ஒன்னுல இருந்தேன். அங்க ஒரு பியானோ இருந்துச்சு.

சிரிக்காதீங்க, நெஜமாவே பியானோதான். எப்பவோ ஒரு வெள்ளைக்கார அம்மா கொண்டாந்தது. கள்ளக்குறிச்சி வரைக்கும் மாட்டு வண்டியில வந்து, அங்கேருந்து மலைக்காரங்க மூங்கில் கட்டி சாமி பல்லக்கு தூக்குற மாதிரி தூக்கியாந்தாங்களாம். அந்த அம்மா சொந்த ஊருக்குப் போறப்ப திருப்பித் தூக்க ஆள் கெடைக்கலையோ, மனசு வரலையோ, விட்டுட்டுப் போய்ட்டாங்க. கறுப்பு மரம். முன்பக்கம் மெழுகுவத்தி வைக்கிறதுக்கு ரெண்டு பித்தளைக் கை. அதுல ஒன்னு ஒடைஞ்சுபோய் சமையக்கட்டுல கரண்டி மாட்டுற கொக்கியா தொங்கிக்கினு இருந்துச்சு. மூடியைத் தொறந்தா ஒரு வாசனை வரும் பாருங்க, ஈரத்துணியும் கற்பூரமும் பூட்டி வெச்ச ட்ரங்குப் பொட்டியும் சேர்ந்த மாதிரி. அந்த வாசனையை அப்புறம் நான் எங்கயும் மோந்ததில்ல.

அதை வாசிக்கிற டீச்சர் எங்க அத்தை. அப்பா கூடப் பொறந்த தங்கச்சி. கடலூர்ல கன்னியாஸ்திரீங்க நடத்துற பள்ளிக்கூடத்துல போர்டிங்ல படிச்சப்ப கத்துக்கினது. கல்யாணம் பண்ணிக் குடுத்த வூட்டுலேருந்து ஒரு நாள் கட்டின சேலையோட திரும்பி வந்துடுச்சு. ஏன்னு புள்ளைங்க எங்களுக்கு யாரும் சொல்லல. மோட்டார் கொட்டாயில குளிக்கிறப்ப முதுகுல தழும்பு இருந்ததை நான் பாத்திருக்கேன். கேட்டதுக்கு அடுப்புல பட்டுடுச்சுன்னு சொல்லுச்சு. முதுகுல எப்படி அடுப்பு படும்னு எனக்கு அப்பக் கேக்கத் தோணல.

பொறந்த வூட்டுல எத்தினி நாளைக்கு வெச்சிக்கினு இருப்பீங்கன்னு ஊருல பேச்சு ஆரம்பிச்ச நேரத்துலதான் விடுதியில பாட்டு டீச்சர் வேலை கெடைச்சுது. தங்க ஒரு ரூம்பு, மூணு வேளை சோறு. அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாரு, வேலை இருக்கிற வரைக்கும் அங்க இரு, வேலை போச்சுன்னா கட்டிக் குடுத்த அந்த வூட்டுக்குத்தான் போவணும்னு. தனியா இருக்கிற பொம்பளைக்குத் துணையா ஒரு புள்ளயை அனுப்புறது நம்ம பக்கத்து வழக்கமாச்சே. என்னையும் ஒரு பொட்டியையும் சேர்த்து பஸ் ஏத்திட்டாங்க. மத்த புள்ளைங்க எல்லாம் மேல் மலையிலேருந்து வந்து தங்கிப் படிக்கிறதுங்க. கீழ்நாட்டுப் புள்ள நான் ஒருத்திதான்.

விடுதிக்கு மேனேஜர் ஒருத்தர், கள்ளக்குறிச்சியில இருந்தாரு. ஆடி மாசம் வந்தப்ப பியானோவை ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. டொக்குன்னு கேட்டுச்சு. இது வாசிக்கிற நெலமையில இருந்தாத்தான் டீச்சர் இந்தப் போஸ்ட்டு, பொரட்டாசியில வந்து பாக்குறேன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. அவரு ஜீப்பு திரும்புறதுக்குள்ள அத்தை குனிஞ்சு பாத்துச்சு. பின்கால்ல விரல் அகலத்துக்கு மண்ணுக் கோடு ஏறியிருந்துச்சு. கறையான். அத்தை அந்தக் கோட்டை நகத்தால சுரண்டிட்டு, கையைச் சேலையில தொடைச்சுட்டு, கொஞ்ச நேரம் தரையிலயே ஒக்காந்துடுச்சு. அந்த மண்ணுக் கோடு எங்க போய் முடியும்னு அத்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்புறம் முந்தானையை இழுத்துச் செருவிக்கினு ஆரம்பிச்சுது பாருங்க. மண்ணெண்ணெய் போட்டுத் தொடைக்கிறது என்ன, வேப்பிலையைக் காய வெச்சு உள்ள போடுறது என்ன, அந்துருண்டை போடுறது என்ன. எறும்பு ஏறாம இருக்கக் கட்டில் காலுக்குக் கீழ கிண்ணம் வெச்சுத் தண்ணி ஊத்துவோமில்ல, அதே மாதிரி பியானோ காலுக்கும் கிண்ணம் வெக்கணும்னு அத்தைக்கு ஒரு யோசனை. புள்ளைங்க எல்லாம் மூங்கிலைக் குடுத்து நெம்பி, ஏலேலோ போட்டுத் தூக்கினோம். தண்ணியில நின்னுச்சு பியானோ. காலையில எழுந்ததும் கிண்ணத்துல தண்ணி கொறையாம பாத்துக்கிறது என் வேலை. கறையானுக்கு ஜென்ம விரோதி எறும்புதான்னு எனக்கு இப்பத்தான் தெரியும். விரோதியை வாசல்லயே நிறுத்தி வெச்சிட்டு, உள்ள இருந்த மரத்துக்கு ஈரத்தைக் குடுத்துக்கினு இருந்திருக்கோம்.

அதோட விட்டோமா. பியானோ இருந்த கூடத்துக்கு மண்ணுச் சுவரு, மேல சுண்ணாம்பு. அந்தச் சுவருக்கு அந்தாண்ட, சரியா பியானோவுக்கு நேர் பின்னால, இடுப்பு ஒசரத்துக்கு ஒரு புத்து இருந்துச்சு. மண்வெட்டியால ரெண்டு போடு போட்டா முடிஞ்சிருக்கும். யாரு போடுறது? புத்துன்னா சும்மாவா? சமையக்காரம்மா மேல் மலைக்காரி, வாட்டசாட்டமான பொம்பள. அதுதான் அத்தைக்குப் புத்தி சொல்லுச்சு.

"புத்துல இருக்கிற தாயிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அவ புள்ளைங்களை நீங்க தொரத்துனா போவுமா டீச்சர்? கேட்டுக்கினாப் போய்டும்."

மொத வெள்ளிக்கிழமை அத்தை தூரமா நின்னு வேடிக்கைதான் பாத்துச்சு. படிச்ச பொம்பளையாச்சே. சமையக்காரம்மா புத்துக்கு மஞ்சப் பூசி, குங்குமம் வெச்சு, ஒரு முட்டையை வெச்சு, தண்ணி ஊத்துச்சு. பால் கெடைச்ச வாரம் பாலு. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தையே ஈரத்தலையோட கொடத்தைத் தூக்கிக்கினு வந்துடுச்சு. வாய்விட்டு வேண்டிக்கிச்சு, பியானோவை மட்டும் விட்டுடு தாயி, வேற இன்னா வேணும்னாலும் எடுத்துக்கோன்னு. நாங்களும் ஆளுக்கொரு சொம்பு ஊத்துனோம். குளுகுளுன்னு அந்தத் தண்ணி புத்துக்குள்ள எறங்குற சத்தம் எனக்கு அவ்ளோ புடிக்கும். கறையானை ஒழின்னு வேண்டிக்கினு, கறையானுக்கே வாரா வாரம் தண்ணி காட்டிக்கினு இருந்தோம். இதைச் சொன்னா எங்க வூட்டுக்காரரு வயித்தைப் புடிச்சிக்கினு சிரிப்பாரு. சிரிக்கட்டும். எங்களுக்கு அன்னிக்கு இருந்த பயம் அவருக்கு இன்னா தெரியும்?

அந்த மாசம் நெனைச்சா இப்பவும் கனவு மாதிரி இருக்குது. மலையிலேருந்து மூட்டம் எறங்கி நேரா கூடத்துக்குள்ளயே வந்துடும். உப்பு ஜாடியில உப்பு தண்ணியா நிக்கும். தீக்குச்சி பத்தாது. பாயைச் சுருட்டினா ஈரம் கையில ஒட்டும். பகல்ல யாரும் இல்லாதப்ப நான் போய்ப் பியானோ பக்கத்துல காதை வெச்சிக்கினு நிப்பேன். உள்ள இருந்து சரசரன்னு, ஓலைக் கூரையில தூத்தல் போடுற மாதிரி ஒரு சத்தம் வரும். அத்தைகிட்ட சொன்னேன். அத்தையும் காதை வெச்சுக் கேட்டுட்டு, கம்பிங்க ஈரத்துல மூச்சு வுடுதுன்னு சொல்லுச்சு. எனக்கும் அது அழகா இருந்துச்சு, நம்பிட்டேன். அத்தை நம்புச்சான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல.

ஒரு நாள் நல்ல மழை பெய்ஞ்சு விட்ட சாயங்காலம், பியானோ பின்னாலேருந்து ஈசல் கெளம்புச்சு. முதல்ல ஒன்னு ரெண்டு. அப்புறம் புகை மாதிரி. கூடம் முழுக்க றெக்கை. லாந்தரைச் சுத்தி, எங்க தலைமேல, அத்தை சேலைமேல. புள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். சமையக்காரம்மா அகலத் தாம்பாளத்துல தண்ணி வெச்சு லாந்தரை அதுக்கு மேல புடிச்சுது, கொத்துக் கொத்தா விழுந்துச்சு. றெக்கையைப் புடைச்சுத் தள்ளிட்டு, அரிசியோட சேர்த்து வறுத்து, சுடச்சுடக் குடுத்துச்சு. வெண்ணெயில வறுத்த வேர்க்கடலை மாதிரி இருக்கும், தின்னவங்களுக்குத் தெரியும். தாயி மனசு எறங்கிட்டா, புள்ளைங்களை வெளிய அனுப்பிட்டான்னு சமையக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தையும் ஒரு கை வாங்கித் தின்னுச்சு. அந்த வருஷத்துல அத்தை வாய்விட்டுச் சிரிச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன். பியானோவைத் தின்னுட்டுப் பறந்துதுங்க, அதுங்களை நாங்க தின்னோம்.

அந்த வாரமே மொதல் கட்டை செத்துப்போச்சு. மூடியில சாவி போடுற ஓட்டைக்கு நேரா நடுவுல இருக்கிற வெள்ளைக் கட்டை. அமுக்குனா அமுங்குது, சத்தம் வரல. தெனமும் வாசிக்கிற சாயங்காலப் பாட்டை அத்தை வாசிச்சிக்கினு இருந்துச்சு, அந்தக் கட்டை வர்ற எடத்துல பாட்டு நொண்டுச்சு. எனக்குப் பாட்டு மனப்பாடம். அந்த எடம் காலியாப் போனது பொறுக்காம, என்னையறியாம வாயைத் தொறந்து அந்தச் சத்தத்தை நான் போட்டுட்டேன். அத்தை கை நின்னுச்சு. என்னைத் திரும்பிப் பாத்துச்சு. திட்டப் போவுதுன்னு நெனைச்சேன். மறுபடியும் மொதல்லேருந்து வாசிச்சுது, அந்த எடம் வந்ததும் என்னைப் பாத்துத் தலையை ஆட்டுச்சு. நான் குடுத்தேன். அன்னிலேருந்து அது என் கட்டை.

அடுத்து பக்கத்துக் கறுப்புக் கட்டை போச்சு. அதை எனக்குப் பக்கத்துப் பாயில படுக்கிற புள்ளைக்குக் குடுத்துச்சு அத்தை. அப்படியே ஒவ்வொன்னாச் சாவச் சாவ, ஒவ்வொரு புள்ளையா ஏறுச்சு. மலைப் புள்ளைங்களுக்குத் தொண்டை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. இந்த மேட்டுலேருந்து அந்த மேட்டுக்குக் கூப்பிட்டுப் பழகின தொண்டை, கம்மியாக் குடுக்கத்தான் கஷ்டப்பட்டுதுங்க. யாரும் பாட்டுப் பாடக் கூடாது, அவங்கவங்க கட்டை வர்றப்ப மட்டும் வாயைத் தொறக்கணும். கண்ணு அத்தை விரல்மேலயே இருக்கணும். வெளையாட்டா ஆரம்பிச்சுது. போவப் போவ யாருக்கும் சிரிப்பு வரல. டீச்சர் போய்டுவாங்களான்னு ஒரு சின்னப் புள்ள என்னைக் கேட்டுது. நீ உன் கட்டையை விடாமக் குடுத்தாப் போவமாட்டாங்கன்னு நான் சொன்னேன்.

பொரட்டாசி பொறந்துச்சு, மேனேஜர் வரணும். அப்பதான் கீழ மறியல் ஆரம்பிச்சுது. புளியமரத்தை எல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்கப் போட்டுட்டாங்க, பஸ்ஸு இல்ல, கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை எங்கயும் வண்டி ஓடலன்னு சேதி வந்துச்சு. துப்பாக்கிச் சூடுன்னும் சொன்னாங்க, ஆளு செத்துப்போச்சுன்னும் சொன்னாங்க. எங்களுக்கு அரிசி வரல. சாமைக் கஞ்சிதான், அதுவும் தண்ணியா. ஊருல எங்க அப்பா இன்னா ஆனாரோன்னு எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம் மேனேஜர் வரமுடியாதேன்னு சந்தோஷம். அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கணும், காலையில மலைப்பாதை முனைக்குப் போய் ரோட்டைப் பாத்துட்டு வந்து மூடியைத் தொறக்கும்.

அந்த நாள்ல ஒரு மத்தியானம் அப்பா வந்து நின்னாரு. எலவனாசூர்கோட்டைப் பக்கத்துலேருந்து நடந்தே. வெட்டிப் போட்ட மரத்தை எல்லாம் ஏறி எறங்கி, வழியில எங்கயோ ராத் தங்கி, முழங்கால் வரைக்கும் சேறு. கையில ஒரு தகர டின். அத்தை அவரைப் பாத்ததும் சுவரோட ஒட்டிக்கிச்சு. கூட்டிக்கினு போவ வந்துட்டாருன்னுதான் நானும் நெனைச்சேன். அவரு டின்னைக் கீழ வெச்சிட்டு, கறையான்னு நான் போட்ட கார்டைப் பாத்துட்டு, பண்ருட்டிப் பக்கத்துலேருந்து மறியலுக்கு முன்னாடியே சொல்லி வாங்கி வெச்சதுன்னாரு. முந்திரிக்கொட்டைத் தோலுலேருந்து எடுக்கிற எண்ணெய். கறையான் ஏறாம இருக்க வண்டிக்கும் வாசக்காலுக்கும் பூசுவாங்களே, தோலுல பட்டா வெந்துபோவும், அது. டின்னு ஒழுகி அவரு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"நாங்க எல்லாம் ரோட்டுல ஒக்காந்திருக்கிறது எதுக்கு? புள்ளைங்களுக்கு வேலை வேணும்னுதானே. இருக்கிற வேலையை விட்டுட்டு வந்து நிக்காத."

அவ்ளோதான் பேசுனாரு. அத்தை முகத்தைப் பாக்காம பேசுனாரு. குச்சியில துணி சுத்தி அவரே பியானோவுக்கு எண்ணெய் பூசுனாரு, முன்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, காலுங்க எல்லாம். பின்பக்கம் சுவரோட ஒட்டி இருந்துச்சு, அங்க யாரும் பாக்கல. கஞ்சி குடிச்சிட்டுத் திரும்பி நடந்துட்டாரு. வேலை போச்சுன்னா அந்த வூட்டுக்குத்தான்னு சொன்ன மனுஷன் இவருதானான்னு எனக்குப் புரியல. அந்த வூட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு அவரு மனசுக்குள்ளயும் ஒரு புத்துக்குத் தண்ணி ஊத்திக்கினுதான் இருந்திருப்பாருன்னு, நானும் ஒரு பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம்தான் புரிஞ்சுது.

மரத்தை எல்லாம் ரோட்டோரம் உருட்டித் தள்ளின பின்னால ஜீப்பு வந்துச்சு. மேனேஜர் முகம் வாடிக் கெடந்துச்சு, அவருக்கும் கீழ இன்னா கஷ்டமோ. நாற்காலி போட்டு ஒக்காந்தாரு. நாங்க பியானோவைச் சுத்தி நின்னோம், பக்தியா நிக்கிற மாதிரி. அத்தை சாயங்காலப் பாட்டை வாசிச்சுது. அன்னிக்கு மாதிரி நாங்க என்னிக்கும் குடுத்ததில்ல. செத்த கட்டைங்கதான் ஜாஸ்தி, உயிரோட இருந்தது கொஞ்சம். ஆனாலும் பாட்டு ஒரே நூலா வந்துச்சு. மேனேஜர் கண்ணை மூடிக்கினு கேட்டாரு. முடிஞ்சதும் தலையை ஆட்டிட்டு எழுந்தாரு. அப்பாடான்னு நான் மூச்சு விட்டேன்.

எழுந்தவரு நேராப் போவாம, பியானோகிட்ட வந்து ஒத்தை விரலால ஒரு கட்டையை அமுக்குனாரு. சாவி ஓட்டைக்கு நேரா இருந்த கட்டை. என் கட்டை. பழக்கதோஷம், என் வாய் தானாத் தொறந்து சத்தம் குடுத்துடுச்சு. அவரு நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. மறுபடியும் அமுக்குனாரு. நான் இன்னா பண்றது, மறுபடியும் குடுத்தேன். பக்கத்துக் கறுப்புக் கட்டையை அமுக்குனாரு, பக்கத்துப் பாய்க்காரி குடுத்தா. அப்படியே வரிசையா ஒவ்வொன்னா அமுக்கிக்கினே போனாரு, புள்ளைங்க ஒன்னொன்னாக் குடுத்துதுங்க. கடைசியில நின்ன சின்னப் புள்ள அழுதுக்கினே குடுத்துது.

"லீவுக்கு இந்தப் புள்ளைங்க ஊருக்குப் போய்ட்டா இன்னா பண்ணுவீங்க டீச்சர்?"

கோவமாக் கேக்கல, நெஜமாவே தெரிஞ்சிக்கக் கேக்குற மாதிரி கேட்டாரு. அத்தை தலை நிமிரல.

"அப்பவும் நான் இங்கதாங்க சார் இருப்பேன். லீவுக்குப் போறதுக்கு எனக்கு ஊரு இல்லைங்க."

மேனேஜர் பக்கவாட்டு மரத்துமேல கையை வெச்சாரு. விரல் உள்ள போய்டுச்சு. பளபளப்பு மட்டும் இருந்துச்சு, அதுக்குப் பின்னால மரம் இல்ல. மண்ணு பொலபொலன்னு அவரு செருப்புமேல கொட்டுச்சு. கையை எடுத்துக்கினாரு. மூடியை மெதுவாச் சாத்துனாரு. மேல போடுற துணியை எடுத்து அந்த ஓட்டை மறையுற மாதிரி இழுத்து விட்டாரு.

"மூடியே வையுங்க. தொறக்க வேணாம். பியானோ இருக்குது. நான் பாத்துட்டேன்."

அப்புறம் ஜீப்புல ஏறிப் போய்ட்டாரு. அத்தை மூடிமேல தலையைச் சாய்ச்சு அழுதுச்சு, நாங்க பாத்துக்கினே இருந்தோம். அவரை எமன்னு நாங்க வெச்ச பட்டப்பேரை அன்னிக்கே விட்டுட்டோம்.

அத்தை அங்கயே பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆச்சு. அந்த வூட்டுப் பக்கம் அது காலே வெக்கல. பல வருஷம் கழிச்சு சுவரை இடிச்சுக் கட்டுறப்பதான் பியானோவை நவுத்துனாங்களாம். நவுத்த அது இருந்தாத்தானே. பின்பலகையே காணோம். சுவருல ஓட்டை, ஓட்டை வழியா அந்தாண்டப் புத்து இந்தாண்ட வந்து, உள்ள முழுக்க மண்ணு கட்டியிருந்துச்சாம், கம்பிங்க மட்டும் அதுக்கு நடுவுல நின்னுச்சாம். சமையக்காரம்மா அதுக்கும் மஞ்சப் பூசிக் குங்குமம் வெச்சுதாம். அத்தை ஒரு சொம்பு தண்ணி ஊத்துச்சாம்.

போன மாசம் அத்தையைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். மூச்சுத் தொந்தரவு. பேச்சு சரியா வரல, என்னை அடையாளம் தெரியுதான்னே சந்தேகம். மத்தியானம் நான் பக்கத்துல ஒக்காந்திருந்தப்ப, கட்டிலோட இரும்புச் சட்டத்துமேல அதோட விரல் நடந்துக்கினு இருந்துச்சு. ஏதோ வலிப்புன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் பாத்தேன், வாசிக்குது. சாயங்காலப் பாட்டு. ஒரு எடம் வந்ததும் விரல் சட்டத்துமேல அமுங்கி அப்படியே நின்னுச்சு. அத்தை கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சு.

நான் அந்தச் சத்தம் குடுத்து எத்தினியோ வருஷமாச்சு, சரியா வரல. இருந்தாலும் குடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அத்தை விரல் அடுத்த கட்டைக்குப் போச்சு.